டிஃபெக்ட் லிஸ்ட் எழுதும்போது: கேப், கிளியரன்ஸ், ஜொயின்ட், ஓப்பனிங்... எதை எங்கே போடுவது?

கடற்கரைவீதி (கேள்வி):

வணக்கம். வெள்ளவத்தையில் புது ஃபிளாட் ஒன்றின் சாவி எடுக்க முன்னர், குறைப்பட்டியலை ஆங்கிலத்தில் எழுதிக் கட்டிடக் கொம்பனிக்குக் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதி முடிந்தது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். என் வரிகளில் பாதிக்கு மேல் ‘இடைவெளி’, ‘ஓட்டை’, ‘இடம்’, ‘பகுதி’ என்றே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அகராதி ஆறேழு சொல் தருகிறது.

உதாரணத்துக்குச் சில: கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. குளியலறைக் கதவின் கீழ் இடைவெளி கூட, படுக்கையறைக் கதவு நிலத்தில் உரசுகிறது. டைல்ஸ் இடைவெளியில் சில இடங்களில் பூச்சு இல்லை, இரண்டு டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெறுமையான சத்தம். ஏசி குழாய் போகும் ஓட்டையைச் சுற்றி வெளிச்சம் தெரிகிறது. குசினிக் கல்லில் அடுப்புக்கு வெட்டிய இடம் சிறியது. ஃபிரிட்ஜுக்கு விட்ட இடத்துக்குள் ஃபிரிட்ஜ் போகாது. பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் ஓட்டைக்குள் போகவில்லை. பல்கனிக் கண்ணாடிக் கதவின் அடிப்பள்ளத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். சீலிங் ஓரம் மெல்லிய வெடிப்பு.

எல்லாவற்றுக்கும் ‘கேப்’, ‘ஹோல்’ என்று எழுதிவிடலாமா? அதோடு பார்ட், பீஸ், போர்ஷன், செக்ஷன், கொம்போனன்ட் இவற்றுக்கும் யாராவது விளக்கம் தந்தால் உதவி.

---

அளவுநாடா:

எழுதிவிடலாம். ஆனால் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் மேசன் பாஸ், எழுதியிருக்கும் சொல்லைப் பார்த்துத்தான் சிலிக்கனா, சீமெந்தா, உளியா கொண்டுவருவது என்று முடிவெடுப்பார். பிழையான சொல் பிழையான வேலையில்தான் முடியும்.

சொல் தேட முன்னர் மூன்று விஷயம் பாருங்கள். அந்த வெற்றிடம் வேண்டுமென்றே விடப்பட்டதா, தானாக வந்ததா? மறுபக்கம் வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா? அதற்குள் ஏதாவது வரவேண்டுமா, சும்மா இருக்கவேண்டுமா? தமிழில் இது மூன்றையும் வினைச்சொல்லில் வைத்துவிடுகிறோம்: ‘விட்ட’ இடைவெளி, ‘விழுந்த’ ஓட்டை, ‘வெட்டிய’ இடம். ஆங்கிலம் பெயர்ச்சொல்லிலேயே வைக்கிறது.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது ‘கேப்’தான். சுவரில் கதவுக்கென்று விட்ட முழுச் சதுரம் ‘ஓப்பனிங்’. ஓப்பனிங் எப்போதும் நிலையைவிடச் சற்றுப் பெரிதாக விடப்படும். மிச்சத்தை அடைத்துப் பூசவேண்டும். அடைக்காமல் விட்டதுதான் உங்கள் குறை. ‘ஓப்பனிங் டூ பிக்’ என்று எழுதினால் சுவரின் அளவே பிழை என்று அர்த்தமாகிவிடும்.

கதவின் கீழ் இருப்பது ‘கிளியரன்ஸ்’. ஒன்றோடொன்று முட்டாமல் அசைய வேண்டுமென்று திட்டமிட்டு விடும் தூரத்துக்குத்தான் அந்தச் சொல். நிலப்பூச்சுக்கும் கதவுக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. வரை இருப்பது சாதாரணம். குளியலறைக் கதவில் காற்றோட்டத்துக்காகக் கொஞ்சம் கூட விடுவார்கள், அதனால் அளவைப் போடாமல் ‘கூட’ என்று மட்டும் எழுதவேண்டாம். குளியலறைக்கு ‘எக்ஸசிவ் கிளியரன்ஸ், 25 மி.மீ.’, படுக்கையறைக்கு ‘இன்சஃபிஷியன்ட் கிளியரன்ஸ், கதவு உரசுகிறது’. பின்னதுக்கு ‘நோ கேப்’ என்று எழுதினால் பிழை இருப்பதாகவே தெரியாது. கேப் இல்லாதது நல்லதுதானே என்று போய்விடுவார்கள்.

டைல்ஸ் வரியைக் கட்டாயம் இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு டைல்ஸுக்கு நடுவே விடும் கோட்டின் பெயர் ‘ஜொயின்ட்’. அதை நிரப்பும் பூச்சு ‘கிரவுட்’. ‘கேப் பிட்வீன் டைல்ஸ்’ என்று எழுதினால், 2 மி.மீ. விடுவது முறைதான் என்று பதில் வரும், அவர்கள் சொல்வதும் சரி. எழுதவேண்டியது ‘மிஸ்ஸிங் கிரவுட் இன் டைல் ஜொயின்ட்ஸ்’. வெறுமைச் சத்தம் வேறு கதை: டைல்ஸுக்கு அடியில் சாந்து பிடிக்காமல் காற்று நிற்கிறது, அது ‘வொயிட்’ (void). ‘ஹொலோ டைல்ஸ், வொயிட்ஸ் அண்டர்னீத்’ என்று எழுதி, எந்த டைல்ஸ் என்று மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அதற்குக் கிரவுட் போட்டுப் பயனில்லை, கழற்றித் திரும்பப் பதிக்கவேண்டும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் இலேசானதைச் செய்துவிட்டு வரியையே வெட்டிவிடுவார்கள்.

ஏசி குழாய்க்குத் துளைத்த ஓட்டை தேவையான ஓட்டை, 65 மி.மீ. அளவில் வட்டமாகத் துளைப்பது, ‘கோர் ஹோல்’. உங்கள் முறைப்பாடு ஓட்டையைப் பற்றியதல்ல, குழாயைச் சுற்றி அடைக்காமல் விட்டதைப் பற்றியது: ‘அன்சீல்ட் கேப் அரவுண்ட் ஏசி பைப்’. அடைக்க முன்னர் அந்த ஓட்டை வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் சரிந்தால் மழைத்தண்ணீரும் ஏசித் தண்ணீரும் சுவரோடு உள்ளே வரும். அப்படியிருந்தால் அது தனி வரி.

அடுப்புக்குக் கல்லில் வெட்டியது ‘கட்-அவுட்’. 60 செ.மீ. ஹொப் (கல்லில் பதிக்கும் அடுப்பு) என்று விற்பதில் பெரும்பாலானவற்றுக்கு 560 × 490 மி.மீ. கட்-அவுட் வேண்டும். அடுப்பின் மேலளவை எழுதினால் கல்லைக் கூடுதலாக வெட்டிவிடுவார்கள், அடுப்பு விளிம்பு தாங்க இடமிருக்காது. வெட்டிய கல்லை ஒட்டவும் முடியாது. பெட்டியில் இருக்கும் கட்-அவுட் அளவையே எழுதுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு அலுமாரிகளுக்கு நடுவே விட்டது ‘ரிசெஸ்’. ‘ஸ்பேஸ்’ என்றாலும் பிழையில்லை, ஆனால் ரிசெஸ் என்றால் மூன்று பக்கம் மூடிய, உள்வாங்கிய இடம் என்று தெளிவு. அகலம், உயரம், ஆழம் மூன்றையும் எழுதுங்கள். ஃபிரிட்ஜின் அகலத்தோடு இரு பக்கமும் மேலும் விடவேண்டிய கிளியரன்ஸ் அதன் கையேட்டில் இருக்கும். குளிக்கும் இடத்துச் சுவரில் ஷாம்பூ வைக்க விடும் சின்னக் குழி ‘நிச்’, அதை இதோடு கலக்கவேண்டாம்.

பூட்டு நாக்கு போகும் ஓட்டைக்குப் பெயர்ச்சொல் தேடாதீர்கள். நாக்கு ‘லட்ச்’. நிலையில் இருக்கும் தகடு ‘ஸ்ட்ரைக் பிளேட்’. ‘லட்ச் டஸ் நொட் என்கேஜ் ஸ்ட்ரைக் பிளேட்’ என்று எழுதினால் போதும். ‘ஹோல் டூ ஸ்மோல்’ என்றால் உளியால் மரத்தைக் கொத்திப் பெரிதாக்கிவிட்டுப் போவார்கள், தகடு இருந்த உயரமே பிழையாயிருக்கும்.

இனி முக்கியமானது. பல்கனிக் கதவின் அடிப்பள்ளத்தில் இருக்கும் சின்ன ஓட்டைகளை முறைப்பாடாக எழுதவே வேண்டாம்! அந்தப் பள்ளம் ‘டிராக்’. ஓட்டைகள் ‘வீப் ஹோல்ஸ்’, டிராக்கில் விழும் மழைத்தண்ணீர் வெளியே போவதற்கு வைத்தவை. ‘ஹோல்ஸ் இன் டிராக்’ என்று எழுதினால் ஒருவர் வந்து அழகாகச் சிலிக்கன் அடித்துவிட்டுப் போவார். தென்மேல் பருவம் தொடங்கியதும் கடல் பக்க மழை டிராக்கில் நிரம்பி உங்கள் வரவேற்பறைக்குள் வழியும். ஒரு கப் தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். வெளியே போனால் சரி. நின்றால் ‘வீப் ஹோல்ஸ் புளொக்ட்’ என்று எழுதுங்கள்.

வெடிப்பு ‘கிராக்’தான். ஆனால் ‘ஹெயார்லைன்’ என்ற அடைமொழியை நீங்களாகப் போட்டு உங்கள் முறைப்பாட்டைச் சின்னதாக்க வேண்டாம். பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் டைஜெஸ்ட் 251 என்ற வழிகாட்டியில் ஹெயார்லைன் என்பது 0.1 மி.மீ.க்கும் குறைவான வெடிப்பு, அதற்கு மேல் 1 மி.மீ. வரை அடுத்த வகை. அகலத்தையும் நீளத்தையும் எழுதிவிட்டுப் பெயர் வைப்பதை அவர்களிடம் விடுங்கள். அந்தக் கோடு நேராக, ஒரே அகலத்தில், இரண்டு வேறு பொருள் சேரும் இடத்தில் ஓடினால் அது வெடிப்பாக இல்லாமல் அசைவுக்கென்று விட்ட ‘மூவ்மென்ட் ஜொயின்ட்’டாகவும் இருக்கலாம். அதைச் சீமெந்தால் அடைக்கச் சொன்னால் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும். இழுபடும் சீலன்ட்தான் அதற்கு.

---

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

மேலே உள்ளதற்கு வசன அமைப்பைப் பற்றிச் சிலது சேர்க்கிறேன்.

‘கேப்’ இரண்டு பொருளுக்கு நடுவே என்றால் ‘பிட்வீன்’, தொடர்ந்து போகும் ஒன்றில் விடுபட்ட இடம் என்றால் ‘இன்’. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ‘கேப் பிட்வீன்’, வேலியில் ‘கேப் இன்’. ‘ஹோல்’ எப்போதும் ‘இன்’தான்.

நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது ‘இடம்’ என்ற சொல்லில். ‘பிளேஸ்’ என்பது எங்கே என்று கேட்டால் சுட்டிக்காட்டும் இடம். கொள்ளுமா என்று கேட்பதற்கு ‘ரூம்’ அல்லது ‘ஸ்பேஸ்’. ‘லிஃப்டில் இடமில்லை’ என்பது ‘தேர் இஸ் நோ ரூம் இன் த லிஃப்ட்’. அங்கே ‘பிளேஸ்’ வராது. இந்த ‘ரூம்’ முன்னால் ‘எ’ வரக்கூடாது, பன்மையும் ஆகாது. ‘எ ரூம்’ என்றவுடன் நான்கு சுவர் வந்துவிடும். ‘ஸ்பேஸ்’ இரண்டு விதமாகவும் வரும்: எண்ணாமல் சொன்னால் பொதுவான கொள்ளளவு, எண்ணிச் சொன்னால் அளந்து ஒதுக்கியது. ‘டூ பார்க்கிங் ஸ்பேசஸ்’ என்றால் கோடு போட்ட இரண்டு இடம்.

பார்க்கிங் என்றதும் ஒன்று: இங்கே எல்லோரும் ‘பார்க்கிங் ஸ்லொட்’ என்கிறோம், எழுத்தில் ‘ஸ்பேஸ்’ அல்லது ‘பே’ நல்லது. ‘பார்க்கிங் லொட்’ என்றால் அமெரிக்கருக்கு முழுத் தரிப்பிடம். நம் நில அளவைப் படத்திலோ ‘லொட்’ என்பது இலக்கமிட்ட காணித்துண்டு. உறுதிப் பத்திரத்தில் ‘லொட் 4’ என்றிருப்பதை வாகன இடம் என்று நினைக்கவேண்டாம்.

‘பார்ட்’ என்பது பொதுச்சொல், சந்தேகமானால் அதைப் போடுங்கள். ‘போர்ஷன்’ பங்கு: காணியிலோ சாப்பாட்டிலோ ஒருவருக்கென்று பிரித்தது. ‘செக்ஷன்’ ஒரு முழுமையைக் கோடுபோட்டுப் பிரித்த பாகம்: சட்டத்தின் பிரிவு, அலுவலகத்தின் பகுதி, ஐந்து மீற்றர் குழாய். ‘பீஸ்’தான் ஏமாற்றும். ‘எ பீஸ் ஒஃப் கிளாஸ்’ உடைந்த துண்டாக இருக்கலாம், ‘எ பீஸ் ஒஃப் ஃபர்னிச்சர்’ முழுக் கதிரை. ஃபர்னிச்சர், எக்குயிப்மென்ட் போன்றவற்றுக்குப் பன்மை இல்லாததால் எண்ணுவதற்கு ‘பீஸ்’ வேண்டும். ‘த்ரீ ஃபர்னிச்சர்ஸ் டமேஜ்ட்’ என்று எழுதவேண்டாம்.

---

பஞ்சிகாவத்தைப் பக்கம்:

கட்டிட வேலை எனக்குத் தெரியாது. கொம்போனன்ட், பார்ட் கேட்டதால் வாகனச் சாமான் பக்கம் சொல்கிறேன்.

‘கொம்போனன்ட்’ என்றால் ஒரு தொகுதிக்குள் தனக்கென்று ஒரு வேலை செய்யும் உறுப்பு. கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. வாசிக்கத் தெரியவேண்டிய சொல் ‘அசெம்பிளி’. ஜப்பான் பட்டியல்களில் ‘அசி’ என்று சுருக்கியிருக்கும். பூட்டி முடித்த முழுத்தொகுதி அது. ஹெட்லைட் அசி என்றால் முழு விளக்கு. லென்ஸ் என்றால் முன் கண்ணாடி மட்டும். ‘கிட்’ என்பது ஒரு வேலைக்குத் தேவையான சில்லறைச் சாமான் கூட்டம்: பிரேக் சிலிண்டர் ரிப்பேர் கிட்டில் ரப்பர் சீல்கள் வரும், சிலிண்டர் வராது. ‘செட்’ என்பது ஒன்றாக மாற்றவேண்டியவை. முன் பிரேக் பேட் ஒரு செட் என்றால் நான்கு, இரண்டு சில்லுக்கும் போதும். இரண்டு செட் கேட்டு வாங்கிவிட்டுத் திரும்பிக் கொண்டுவருவார்கள்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து எடுக்கிற ஆக்கள் கவனம். இங்கே ‘ஹூட்’ என்றால் முச்சக்கர வண்டியின் றெக்சின் கூரை. அமெரிக்கத் தளத்தில் ஹூட் என்பது பொனெட். நாங்கள் ‘டிக்கி’ என்பது பிரித்தானியருக்கு பூட், அமெரிக்கருக்கு டிரங்க். நாங்கள் ‘பஃபர்’ என்பது எல்லா நாட்டிலும் பம்பர். முன் சில்லுக்கு மேலுள்ள தகடு அமெரிக்கருக்கு ஃபெண்டர், பிரித்தானியருக்கு விங். பெயரை நம்பாமல் பார்ட் நம்பரால் தேடுவதுதான் பாதுகாப்பு.

வெற்றிடச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமென்றால் என்ஜின் பிஸ்டனைச் சுற்றிப் போடும் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். ரிங் உட்காரும் வெட்டு ‘குரூவ்’: சுற்றிவர ஓடும், மறுபக்கம் போகாது. இரண்டு குரூவுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் உலோகம் ‘லேண்ட்’. வட்டமாக வளைத்த ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே ‘எண்ட் கேப்’. ரிங்கின் பக்கத்துக்கும் குரூவின் சுவருக்கும் நடுவே ‘சைட் கிளியரன்ஸ்’. எண்ட் கேப் குறைவானால் சூடேறி ரிங் விரியும்போது முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறும். கூடினால் வாயு கீழே இறங்கும், எண்ணெய் எரியும். சைட் கிளியரன்ஸ் குறைந்தால் ரிங் குரூவுக்குள் இறுகிவிடும். இரண்டையும் ஃபீலர் கேஜால்தான் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளப்பது, ஆனால் கையேட்டில் வேறு வேறு வரி. ஒன்றின் அளவை மற்றதற்கு எடுத்தால் என்ஜின் திரும்பக் கழற்றவேண்டியதுதான்.

ஸ்பார்க் பிளக்கில் இருப்பதும் ‘கேப்’. என்ஜிகே கொம்பனியின் பிளக் நம்பரின் கடைசியில் -11 என்றிருந்தால் கேப் 1.1 மி.மீ. ‘பிளே’ என்பது வேறு, அது தூரமல்ல, ஆட்டம். ஸ்டியரிங் பிளே, கிளட்ச் பெடல் ஃபிரீ பிளே. பல்சக்கரத்தில் அதுவே ‘பக்லாஷ்’.

‘டொலரன்ஸ்’ஐக் கிளியரன்ஸ் என்று எழுதுகிற பழக்கமும் உண்டு. 20.00 மி.மீ. துளைக்குள் 19.95 மி.மீ. தண்டு போனால் கிளியரன்ஸ் 0.05. தண்டைக் கடையும்போது 0.02 கூடலாம், குறையலாம் என்று விடுவது டொலரன்ஸ். அதன்படி கிளியரன்ஸ் 0.03க்கும் 0.07க்கும் நடுவே எதுவாகவும் வரலாம்.

---

கடற்கரைவீதி:

அளவுநாடா அண்ணைக்கும் ரீச்சருக்கும் பஞ்சிகாவத்தைக்காரருக்கும் நன்றி. வீப் ஹோல் வரியை இப்போதே அழித்துவிட்டேன். இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, ஒப்பந்தத்தில் ‘ஃபிக்ஸ்சர்ஸ் அண்ட் ஃபிட்டிங்ஸ்’ என்று இருக்கிறது, இரண்டும் ஒன்றா? இரண்டு, கதவுப் பலகையைக் கொம்பனி ‘சாஷ்’ என்று எழுதியிருக்கிறது. கூகிளில் தேடினால் ஜன்னல்தான் வருகிறது. மூன்று, லிஃப்டுக்கு முன்னால் இருக்கும் இடத்திலும் ஃபிளாட்டுக்குள்ளும் குறை இருக்கிறது. ஹோல் (ஓட்டையல்ல, hall), லொபி, கொரிடோர் எது எங்கே?

---

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

சாஷ் என்பது வெளிநாட்டு ஆங்கிலத்தில் கண்ணாடி பிடித்த ஜன்னல் சட்டம்தான். கதவுக்கு ‘லீஃப்’ என்று திருத்தி எழுதுவதுதான் முறை.

---

அளவுநாடா:

ரீச்சர், ஆங்கிலப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்தப் பட்டியலில் திருத்தக்கூடாது. இங்கே கதவுக்கும் சாஷ் என்றுதான் அளவுப் பட்டியல்களில் எழுதுகிறார்கள். கொம்பனி எந்தச் சொல்லைப் போட்டதோ அதையே நாங்களும் போடவேண்டும். ‘லீஃப்’ என்று எழுதி, அது எங்கள் பட்டியலில் இல்லாத பொருள் என்று சொல்ல இடம் கொடுப்பானேன்.

அதே காரணத்தால் அறைப் பெயர்களையும் வரைபடத்தில் உள்ளபடியே எழுதுங்கள். நாங்கள் ‘ஹோல்’ என்பது வரைபடத்தில் ‘லிவிங்’. பிரித்தானியருக்கு ஹோல் என்றால் வாசல் கதவைத் திறந்ததும் வரும் நடை. லிஃப்டுக்கு முன்னால் இருப்பது ‘லிஃப்ட் லொபி’, அங்கிருந்து ஃபிளாட் வாசல்களுக்குப் போவது ‘கொரிடோர்’, ஃபிளாட்டுக்குள் அறைகளுக்கு நடுவே போவது ‘பசேஜ்’, படிக்கட்டு திரும்பும் தட்டு ‘லேண்டிங்’. முதல் இரண்டும் கடைசியும் பொதுவில் வருபவை, கொண்டோமினியம் படத்தில் (அடுக்குமாடியின் அளவைப் படம்) ‘கொமன் எலிமென்ட்ஸ்’. அந்தக் குறைகளை உங்கள் ஃபிளாட் பட்டியலில் சேர்க்காமல் தனித்தாளில் கொடுங்கள். அதே படத்தில் உங்கள் வாகன இடத்தையும் தேடுங்கள். ‘அக்செசரி’, அதாவது துணைப் பகுதி, என்று உங்கள் ஃபிளாட் இலக்கத்தோடு குறித்திருந்தால் அது ஃபிளாட்டோடு சேர்ந்தது. பொதுவில் இருந்தால் நிறுத்த விடுகிறார்கள், அவ்வளவுதான். கோடு போட்டு உங்கள் இலக்கத்தை எழுதியிருப்பதை மட்டும் நம்பவேண்டாம்.

ஃபிக்ஸ்சர் என்பது கட்டிடத்தோடு பதித்தது, கழற்றினால் சுவரோ நிலமோ பழுதாகும்: கொமோட், பேசின், பதித்த பென்ட்ரி அலுமாரி. ஃபிட்டிங் என்பது ஆணியிலோ கொளுவியிலோ நிற்பது, சேதமில்லாமல் எடுக்கலாம்: திரைச்சீலைத் தண்டு, தொங்கும் விளக்கு, கண்ணாடி. எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்காது, அதனால் வோட்டர் ஹீட்டர், ஏசி, குசினிப் புகைபோக்கி இவற்றைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

ஹார்ட்வெயார் கடையில் ‘ஃபிட்டிங்ஸ்’ வேறு: எல்போ, டீ, சொக்கட், யூனியன் போன்ற குழாய் இணைப்புகள். பேசினுக்குக் கீழ் ஒழுகும் இணைப்பைப் பற்றி எழுதுவதானால் வெறும் ‘சொக்கட்’ என்று போடாதீர்கள், எலெக்ட்ரீஷியன் வந்து நிற்பார். பிவிசி பக்கம் வெளிப்புரி உள்ளது ‘வல்வ் சொக்கட்’, உள்புரி உள்ளது ‘ஃபோசெட் சொக்கட்’, புரியில்லாமல் இரண்டு குழாயை ஒட்டுவது ‘பிளெய்ன் சொக்கட்’. மின்சாரத்துக்கு ‘சொக்கட் அவுட்லெட்’ என்று முழுவதும் எழுதி 13 அம்பியர் என்று பக்கத்தில் போடுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் அறை, பொருள், குறை, அளவு, பட இலக்கம் இந்த ஒழுங்கில் வரட்டும். ‘பெட்ரூம் 2, டோர் சாஷ், இன்சஃபிஷியன்ட் கிளியரன்ஸ் அட் புளோர், 0 மி.மீ., படம் 14’. படம் எடுக்கும்போது அளவுநாடாவையும் அதற்குள் வையுங்கள், கேப் படத்தில் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்.